பொலிகாளைக்குள் ஒரு காவல்

சினை ஊசி போட வருபவர் நைட்ரஜன் குடுவையிலிருந்து எடுக்கும் குச்சியில் இருப்பது கால் மில்லி. மைனஸ் 196 டிகிரியில் உறைந்திருக்கும் அந்தத் துளிக்குள் சுமார் 2 கோடி விந்தணுக்கள். காங்கேயம் காளையோ வேறு காளையோ, விரைக்குள் ஒரு விந்தணு உருவாக 61 நாள் ஆகிறது.

அது சுமக்கும் மாட்டு டி.என்.ஏ.வில் ஏறக்குறையப் பாதி, தாவும் மரபணுக்களும் அவற்றின் எச்சங்களும்தான். பெரும்பாலானவை செத்தவை. உயிருள்ள சில, தம்மை நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும். தோலில் இது நடந்தால் கேடு அந்த மாட்டோடு போகும். விந்தணுவில் நடந்தால் கன்றுக்கும், அதன் கன்றுக்கும் இறங்கும். சாதாரணமாக இவற்றை வேதிப் பூட்டுகள் அடக்கி வைத்திருக்கும். ஆனால் ஆண்கன்று தாய்வயிற்றில் இருக்கும்போதே, விந்தணுவாகப் போகும் செல்களில் பழைய பூட்டுகள் கழற்றப்பட்டுப் புதியவை போடப்படுகின்றன. ஆபத்து அந்த இடைவெளியில்தான்.

அப்போது காவல் நிற்பது பை-ஆர்.என்.ஏ. பாலூட்டிகளின் விரையில் இது இருப்பதை 2006இல் நான்கு ஆய்வுக்குழுக்கள் அறிவித்தன. நீளம் முப்பது எழுத்துக்கு முன்பின். எந்தப் புரதத்துக்கும் இதில் குறிப்பு கிடையாது. பனியன் கம்பெனியில் செக்கிங் செய்யும் பெண் கையில் சாம்பிள் துண்டை வைத்துக்கொண்டு குவியலில் ஒத்துப்பார்ப்பாரே, அந்தத் துண்டுதான் பை-ஆர்.என்.ஏ. கத்தரிக்கோல், அதைப் பிடித்திருக்கும் பீவி என்ற புரதம். தாவும் மரபணுவின் நகல் துண்டோடு பொருந்தினால் வெட்டு விழும். இதே குடும்பத்தின் இன்னொரு புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய்ப் புதுப் பூட்டும் போட வைக்கும். சுண்டெலியில் பீவி புரதங்களில் ஒன்றை நீக்கினாலே விந்தணு உருவாவது பாதியில் நின்றுவிடுகிறது, ஆண் மலடாகிறது. புரதம் தராத ஆர்.என்.ஏ.வைக் குப்பை என்று ஒதுக்கிய காலம் இருந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சிற்றார்.என்.ஏ.க்களின் வேலை அதோடு முடியவில்லை. விரையை விட்டு வெளியேறும் விந்தணு, சுருள்குழாயில் பத்து நாள் போலப் பயணம் செய்து முதிர்கிறது. வழியில் வேறு சிற்றார்.என்.ஏ.க்களை ஏற்றிக்கொள்கிறது. தந்தை எலியின் தீனியை மாற்றினால் இந்தச் சரக்கும் மாறுகிறது, குட்டியின் உடல் உணவைக் கையாளும் விதமும் மாறுகிறது என்று 2016இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து கிடக்கும் சித்திரையில், தீனியைப் போல வெயிலும் விந்தைத் தொடுவதை யோசிக்கிறேன். விரை உடம்பைவிட நான்கைந்து டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். அன்று வெயிலில் வாடிய காளையின் விந்தில் குறை தெரிவது வாரங்கள் கழித்துத்தான்; அது முழுதாகத் தேற ஆடி வரை ஆகலாம்.