ஓடும் ரயிலும் நியூட்டன் விதிகளும்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வசிக்கும் தமிழ் மாணவர்கள் பலருக்கு மின்சார ரயில்தான் வாகனம். ரயில் நிற்பதற்குள் குதித்து இறங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை வீரம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வகுப்பில் படிக்கும் பௌதிகப் பாடமோ அதை ஆபத்து என்கிறது.

நிற்காத உடல்

ஐசக் நியூட்டன் 1687-ம் ஆண்டு வெளியிட்ட 'பிரின்சிபியா' நூலில் இயக்கம் பற்றிய மூன்று விதிகளைக் கூறினார். வெளியிலிருந்து விசை செயல்படாதவரை, நிற்கும் பொருள் நின்றபடியே இருக்கும். ஓடும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். இது முதல் விதி. இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். ரயில் கிளம்பும்போது பயணிகள் பின்புறம் சாய்வதும், பிரேக் போட்டதும் முன்புறம் சாய்வதும் இதனால்தான்.

மணிக்கு 18 கிலோ மீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், ரயில் பிளாட்பாரத்தில் நுழைவதாக வைத்துக்கொள்வோம். வாசலில் நிற்கும் மாணவனின் உடலுக்கும் அதே வேகம் உண்டு. அவன் இறங்கியதும் பாதம் தரையில் பட்டு நின்றுவிடுகிறது. உடலின் மேல்பகுதி நிற்பதில்லை. ஆகவே தலைகுப்புற விழுகிறான்.

ரயில் போகும் திசையிலேயே ஓடிச் சமாளிக்கலாம் என்பார்கள். அப்படியானால் 100 மீட்டரை 20 வினாடியில் கடக்கும் வேகத்தில் ஓட வேண்டும். முதுகில் புத்தகப் பை, எதிரே ஜனக் கூட்டம். ஓட இடம் ஏது?

மோதலின் பலம்

நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் வருவது விசை. இது இரண்டாவது விதி. 40 கிலோ எடையுள்ள மாணவன் அதே வேகத்தில் கம்பத்தில் மோதி, பத்தில் ஒரு வினாடியில் நின்றால், அவன் உடல் தாங்க வேண்டிய விசை 2,000 நியூட்டன். 200 கிலோ மூட்டை மேலே அழுத்துவது போலத்தான். நிற்கும் நேரம் பாதியானால் விசை இரு மடங்காகும். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிப்பவர் கைகளைப் பின்னுக்கு இழுப்பது இந்த நேரத்தை நீட்டுவதற்காகத்தான். கம்பம் பின்னுக்கு நகராது.

பிரேக் போட்டாலும்...

தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்களும் இந்தக் கணக்கை அறிய வேண்டும். ரயில் மணிக்கு 72 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. பிரேக் போட்டால் ஒவ்வொரு வினாடியும் அதன் வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொள்வோம். ரயில் நிற்க 25 வினாடி ஆகும். அதற்குள் 250 மீட்டர் ஓடிவிடும். 12 பெட்டி ரயிலின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். மோட்டார்மேன் ஆளைப் பார்த்துவிட்டார் என்பதால் மட்டும் ரயில் நின்றுவிடாது.

வேகம் பாதியாக, 36 கிலோ மீட்டராக இருந்தால் 62.5 மீட்டரில் நின்றுவிடும். வேகம் இரு மடங்கானால், நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது.

மழையில் வழுக்குவது ஏன்?

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது மூன்றாவது விதி. ஓடும்போது கால் தரையைப் பின்னால் தள்ளுகிறது. தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. இதற்கு உராய்வு வேண்டும். மழையில் நனைந்த பிளாட்பாரத்தில் உராய்வு குறைவு. கிளம்பிய ரயிலைப் பிடிக்க ஓடுபவரின் கால் வழுக்கினால், அவர் ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே உள்ள சந்தில் விழ நேரலாம்.

பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் இந்த விதிகளை மாணவர்கள் ரயில் நிலையத்திலும் நினைவில் வைக்க வேண்டும். ரயில் நின்ற பிறகே இறங்க வேண்டும். தண்டவாளத்தைக் கடக்க நடைமேம்பாலத்தில்தான் ஏற வேண்டும். ஒரு ரயிலைத் தவறவிட்டால் நஷ்டம் சில நிமிடங்களே. அடுத்த ரயில் வந்துவிடும்.