வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர்

புது தில்லி: ஹாக்கி மட்டையைத் தொட்டறியாத ஒருவர், தன் பிள்ளை ஆடத் தொடங்கியதால் அந்த விளையாட்டைக் கற்று, பின்னர் மற்ற பிள்ளைகளுக்கும் பயிற்சி தருவது ஐரோப்பாவில் அன்றாட வழக்கம். எட்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்தியாவிலோ, பெற்றோரின் இடம் பெரும்பாலும் மைதான வேலிக்கு வெளியேதான்.

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளுக்கான தீர்ப்பாயம், சம்மேளனங்களின் செயற்குழுவில் குறைந்தது 4 பெண்கள், சிறாரின் பாதுகாப்புக்கான கொள்கை ஆகியவற்றுக்கு அது வழிசெய்கிறது. ஆனால் அச்சட்டத்தின் பார்வை சம்மேளனங்களின் மீதே உள்ளது. ஒரு சிறுமி முதன்முதலாக மட்டை பிடிக்கும் இடம் சம்மேளன அலுவலகத்திலிருந்து வெகுதொலைவில் இருக்கிறது.

அடுகோடியும் குடகும்:

பெங்களூருவில் கோரமங்கலாவை ஒட்டியுள்ள அடுகோடியை எடுத்துக்கொள்ளலாம். 1950-களில் வந்த மைகோ தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பகுதி. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் பகுதி. சில கிலோமீட்டர் தொலைவில், சாந்திநகர் அருகே, செயற்கைத் தளம் கொண்ட ஹாக்கி அரங்கம் இருக்கிறது. எனினும் நெரிசல் மிகுந்த சாலைகளைக் கடந்து ஒரு சிறுவன் தனியே அங்கு சென்றுவர இயலாது. தாயோ தந்தையோ அழைத்துச் சென்று, பயிற்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை ஆட்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடுதான் இல்லை.

அதே கர்நாடகத்தின் குடகு மாவட்டம் வேறொரு காட்சியைத் தருகிறது. பாண்டண்ட குட்டப்பாவின் முயற்சியால் 1997-ல் தொடங்கிய கொடவர் குடும்ப ஹாக்கித் திருவிழாவில், ஒரே குடும்பத்தின் ஆண்கள், பெண்கள், முதியோர், சிறுவர் என அனைவரும் ஒரே அணியில் ஆடலாம். 2024-ல் நாபோக்லுவில் 360 குடும்ப அணிகள் பங்கேற்றது கின்னஸ் சாதனையானது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே ஆடும் இம்மண்ணிலிருந்து எம்.பி. கணேஷ், பி.பி. கோவிந்தா முதலான ஒலிம்பிக் வீரர்கள் வந்துள்ளனர்.

பசுவை விற்ற தந்தை:

இந்தியப் பெற்றோரின் தியாகத்துக்குக் குறைவில்லை. கேரளத்தின் பி.ஆர். ஸ்ரீஜேஷுக்கு கோல்கீப்பர் கவசங்கள் வாங்க, விவசாயியான தந்தை பசுவை விற்றார். அந்த மகன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் வெண்கலம் வென்ற அணிகளில் இடம்பெற்றார். வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகளான ஹரியாணாவின் ராணி ராம்பால், பயிற்சிக்கு நாள்தோறும் அரை லிட்டர் பால் கொண்டுவரச் சொன்னபோது, வீட்டில் கிடைத்த 200 மில்லி பாலில் தண்ணீர் கலந்து எடுத்துச் சென்றதைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவர் தலைமையில் இந்திய மகளிர் அணி டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்தது.

புனேயை அடுத்த கட்கியில், படைக்கலத் தொழிற்சாலை மைதானப் பணியாளரான தமிழரின் மகன் தன்ராஜ் பிள்ளை, உடைந்த மட்டைகளோடு ஆடப் பழகினார். தாயின் ஊக்கமே தன்னை உருவாக்கியதாக அவர் கூறியுள்ளார். பணமும் பாலும் ஊக்கமும் தந்த இத்தகைய பெற்றோரிடம், மைதானத்துக்குள் வந்து உதவுங்கள் என்று அழைக்கும் அமைப்பு மட்டும் உருவாகவில்லை.

நெதர்லாந்து வழி:

பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர், மகளிர் என இரு ஹாக்கித் தங்கங்களையும் வென்ற நெதர்லாந்தில், சிறுவர் அணிகளின் பயிற்சியாளர், மேலாளர், நடுவர் பொறுப்புகளைப் பெரும்பாலும் பெற்றோரே ஊதியமின்றி ஏற்கின்றனர். அவர்களில் பலர் பிள்ளைகளால்தான் ஹாக்கிக்கு அறிமுகமானவர்கள். கழகங்கள் அவர்களுக்கு அடிப்படைகளைக் கற்பிக்கின்றன.

அந்த அடிப்படைகள் கடினமானவை அல்ல. இடக்கை மட்டையின் உச்சியிலும் வலக்கை அதற்குக் கீழும் இருக்க வேண்டும். மட்டையின் பின்பக்கத்தால் பந்தை ஆடக்கூடாது. காலால் பந்தைத் தடுத்து ஆதாயம் பெறுவது தவறு. பாதுகாப்புக்கு முழங்கால் கீழ்க் கவசமும் பற்கவசமும் தேவை. எட்டு வயதுச் சிறுவர்களுக்கு இவற்றைக் கற்றுத்தர ஒலிம்பிக் வீரர் தேவையில்லை. நுணுக்கங்களுக்குத் தேர்ந்த பயிற்சியாளர் பின்னர் வரலாம்.

ஆட்சேபங்களும் உண்டு. தன் பிள்ளைக்கே முன்னுரிமை தருவார், தோற்றால் கடிந்துகொள்வார் என்ற அச்சம் நியாயமானதே. தன் பிள்ளை இடம்பெறும் அணித் தேர்வில் பெற்றோர் அமரக்கூடாது என்று விதிப்பதும், எப்போதும் இரு பெரியவர்கள் உடனிருப்பதும் இதற்குத் தடுப்பாகும். புதிய சட்டம் வலியுறுத்தும் சிறார் பாதுகாப்புக்கும், பயிற்சி பெற்ற பெற்றோர் களத்தில் இருப்பது துணைசெய்யும்.

மாலை வேளைகளில் பள்ளி மைதானங்களைத் திறந்துவிடுவதும், மாநில ஹாக்கி அமைப்புகள் பெற்றோருக்கு வார இறுதி வகுப்புகள் நடத்துவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. சென்னை, மதுரை நகரங்களில் 2025-ல் நடைபெற்ற ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்களைப் பிள்ளைகளுடன் கண்ட பெற்றோரில் சிலரேனும் மட்டை பிடிக்க முன்வரக்கூடும். அவர்களுக்கு வேலியின் கதவைத் திறந்துவிடும் பொறுப்பு, சட்டம் இயற்றிய மத்திய அரசுக்கும், மைதானங்களை வைத்திருக்கும் மாநில அரசுகளுக்கும் உண்டு.