ஜெயிச்சா 'நாம', தோத்தா 'அவங்க'... டெட்ராய்ட் ரசிகரின் அந்த ஒரு வாரம்!

2023 டிசம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் நீங்க ஒரு ஸ்போர்ட்ஸ் ரசிகர்னு வெச்சுக்கோங்க. உங்க ஃபுட்பால் டீம் லயன்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸை 30-24 என ஜெயித்து, 30 வருஷத்துக்குப் பிறகு தன் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்துவிட்டது. 2008 சீசனில் 16 மேட்ச் ஆடி, 16-லயும் தோத்த டீம் இது. தலைகால் புரியுமா உங்களுக்கு?

(இந்த ஃபுட்பால் மெஸ்ஸி ஆடுறது இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடுவாங்களே, அது!)

ரெண்டே நாள்தான். செவ்வாய்க்கிழமை, லயன்ஸ் மைதானத்திலிருந்து நடந்தே போயிடக்கூடிய இன்னொரு அரங்கத்தில், உங்க கூடைப்பந்து டீம் பிஸ்டன்ஸ், புரூக்ளின் நெட்ஸிடம் தோற்கிறது. தொடர்ச்சியாக 27-வது தோல்வி. ஒரே சீசனில் இத்தனை தொடர் தோல்விகள் என்.பி.ஏ வரலாற்றிலேயே அதற்கு முன் கிடையாது. கேட் கன்னிங்ஹாம் தனியாளாக 41 பாயின்ட் எடுத்தும் பிரயோஜனமில்லை. 'டீமை வித்துடு' என்று கூட்டம் உரிமையாளரை நோக்கிக் கத்தியது.

அதே ஊர், அதே ஆள், அதே வாரம். ஞாயிறு ராத்திரி 'நாம ஜெயிச்சுட்டோம்'னு சொன்ன வாய், செவ்வாய் ராத்திரி 'அவங்க தோத்துட்டாங்க'ன்னு சொல்லும். கவனிச்சுப் பாருங்க, நீங்களும் சொல்லியிருப்பீங்க.

ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிடித்தது. ஃபுட்பால் சீசனில் ஏழு பல்கலைக்கழகங்களில், திங்கட்கிழமை வகுப்புக்கு யாரெல்லாம் காலேஜ் பேர் போட்ட டிரெஸ்ஸில் வருகிறார்கள் என்று எண்ணினார்கள். டீம் ஜெயித்த வாரங்களில் அந்த டிரெஸ் அதிகம். போனில் கூப்பிட்டு மேட்ச் பற்றிக் கேட்டபோதும், ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போதுதான் 'நாங்க' அதிகமாக வந்தது. களத்தில் ஒரு நிமிஷம்கூட இறங்காத ஆளுங்க பாஸ் இவங்க!

சரி, எந்தத் தோல்வி அதிகம் வலிக்கும்? கணக்கு ரொம்ப சிம்பிள். என்.பி.ஏ-வில் ஒரு டீமுக்கு சீசனுக்கு 82 மேட்ச். இன்னைக்குத் தோத்தா நாளைக்கோ நாளான்னைக்கோ அடுத்தது வந்துடும். என்.எஃப்.எல்-லில் 17 தான். ஞாயிறு தோத்தா, அதைப் பெரும்பாலும் அடுத்த ஞாயிறு வரை மென்னுக்கிட்டேதான் இருக்கணும். அதுவும் சும்மா மெல்லுவதில்லை. என்.எஃப்.எல் டீம் இருக்கும் ஊர்களை வைத்து 2013-ல் வந்த ஓர் ஆய்வின்படி, தோத்த மறுநாள் மக்கள் சாப்பிடும் நிறைவுற்ற கொழுப்பு 16 சதவிகிதம் கூடுகிறது. ஜெயித்த மறுநாள் 9 சதவிகிதம் குறைகிறது. திங்கட்கிழமை பர்கருக்குக் காரணம் பசி மட்டுமில்லை.

இதுவரை சிரிச்சுட்டுப் போகலாம். அடுத்ததுக்கு முடியாது. டேவிட் கார்டு, கார்டன் டால் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் என்.எஃப்.எல் முடிவுகளையும் போலீஸ் பதிவுகளையும் ஒப்பிட்டு 2011-ல் வெளியிட்டார்கள். ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய உள்ளூர் டீம் தோற்றால், வீட்டில் மனைவியையோ காதலியையோ ஆண்கள் தாக்கும் சம்பவங்கள் 10 சதவிகிதம் கூடுகின்றன. அதிலும் மேட்ச் முடிவதை ஒட்டிய குறுகிய நேரத்தில்தான். இழுபறியாக இருக்கும் என்று எதிர்பார்த்த மேட்ச்சில் தோற்றால் அப்படி எதுவும் இல்லை. எதிர்பாராமல் ஜெயித்தாலும் வன்முறை குறையவில்லை. ஆக, ஸ்கோர் மட்டுமில்லை, 'கண்டிப்பா நமக்குத்தான்' என்ற நினைப்பு உடைகிற அதிர்ச்சிதான் கணக்கு. அதற்காக, கை ஓங்கியவர் பழியை டீம் மேல போட முடியாது. டி.வி-யை அணைத்துவிட்டு, கூட இருப்பவரிடம் பேசும் முன் தெருவில் ஒரு ரவுண்டு நடந்துட்டு வர்றதுக்கு, இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

டெட்ராய்ட்டுக்குத் திரும்புவோம். வியாழக்கிழமை பாஸ்டனில், ஓவர்டைம் வரை போய் பிஸ்டன்ஸுக்கு 28-வது தோல்வி. சனிக்கிழமை, டிசம்பர் 30. சொந்த ஊரில் டொரன்டோ ராப்டர்ஸை 129-127 என ஜெயித்தார்கள்! ரெண்டே பாயின்ட் வித்தியாசம். சீசனின் மூன்றாவது வெற்றிதான். ஆனால், கப் அடிச்ச மாதிரி கொண்டாட்டம். எதிர்பார்ப்பு தரையில் கிடந்தா, ஒரு வெற்றியும் திருவிழாதானே!

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், அதே ராத்திரி டல்லாஸ் டீமோடு லயன்ஸ் மேட்ச். 23 செகண்ட் மிச்சமிருக்கும்போது லயன்ஸ் டச் டவுன் அடித்து 19-20 என நெருங்கியது. அடுத்த முயற்சியில் டெய்லர் டெக்கர் பந்தைப் பிடித்து, டீமை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார். 'பந்தைப் பிடிக்கப்போறேன்னு இவர் முன்கூட்டியே எங்ககிட்ட சொல்லலை' என்று நடுவர்கள் அதைச் செல்லாது என்றார்கள். 20-19, லயன்ஸ் தோல்வி.

வார ஆரம்பத்தில் சிரிக்க வைத்த டீம் அழ வைத்தது, அழ வைத்த டீம் சிரிக்க வைத்தது. பிஸ்டன்ஸ் அந்த சீசனை 14 வெற்றி, 68 தோல்வியோடு முடித்தது. லயன்ஸ், ஜனவரி 14-ம் தேதி 32 வருஷத்தில் தன் முதல் பிளே-ஆஃப் வெற்றியைப் பார்த்தது. அடுத்த வாரமும் ஜெயித்து, சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே நின்றது. ஜனவரி 28, சான் ஃபிரான்சிஸ்கோ டீமுக்கு எதிராக பாதி ஆட்டத்தில் 24-7 என லயன்ஸ் முன்னிலை.

கடைசி ஸ்கோர் 31-34.