பழைய கணனிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

குடும்பச் சுமையைத் தனியே சுமக்கும் எங்கள் சகோதரிகள் பலருக்கு இன்று கணனியும் ஒரு தொழிற்கருவி. தட்டச்சு வேலை, தையற்கணக்கு, சங்கத்தின் கடன் பதிவு என்று அதனாலேயே அடுப்பெரியும் வீடுகள் உண்டு. மாதர் சங்கமொன்றில் கணனி கற்பிக்கும் என்னிடம் அவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, விண்டோஸ் 10 முடிஞ்சுதாம். இனி இந்தக் கணனியை என்ன செய்யிறது?"

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்தியது உண்மை. விண்டோஸ் 11 பழைய கணனிகள் பலவற்றை ஏற்காது. ஆனாலும் புதுக்கணனிக்காகக் கடன்பட முன்னர் இன்னொரு வழியைப் பாருங்கள். லினக்ஸ் என்னும் இயங்குதளம் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் எளிய வகைகள் பழைய கணனியிலும் நன்றாக ஓடும்.

"அப்ப என்ரை கணக்கு மென்பொருள்?" என்று கேட்பீர்கள். விண்டோஸுக்கெனச் செய்யப்பட்ட மென்பொருள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதற்கு உதவுவதுதான் வைன். பெயரைக் கேட்டு முகம் சுழிக்க வேண்டாம், மதுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை!

தமிழ் தெரியாத அலுவலர் முன் விண்ணப்பத்துடன் நின்ற அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. இரு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் அலுவல் முடிந்துவிடும். வைன் செய்வதும் அதுவே. 'கோப்பைத் திற', 'எழுத்தைக் காட்டு' என்று மென்பொருள் விண்டோஸின் மொழியில் கேட்பதை, லினக்ஸுக்குப் புரியும் மொழியில் அது மாற்றிச் சொல்கிறது. விண்டோஸ் கணனியில் இருக்கவே தேவையில்லை. 1993இல் தொடங்கிய இந்த முயற்சி, 15 ஆண்டுகள் கழித்து 2008இல்தான் தன் முதலாவது முழுப் பதிப்பை வெளியிட்டது. இதுவும் இலவசமே.

மெய்நிகர் கணனி என்று வேறொரு வழியும் உண்டு. அது வீட்டுக்குள் இன்னொரு வீடு கட்டுவது போன்றது. அதற்குள் விண்டோஸையே நிறுவ வேண்டும். நினைவகமும் அதிகம் தேவை. பழைய கணனி தாங்காது.

மாற முன்னர் கவனிக்க வேண்டியவை:

• கணக்குகள், கடிதங்கள், படங்கள் அனைத்தையும் பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள்.

• லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். கணனியிலுள்ள எதையும் அழிக்கத் தேவையில்லை.

• உங்கள் அச்சுப்பொறி லினக்ஸில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்கான அச்சுப்பொறி மென்பொருளை வைன் இயக்காது.

• பாமினியில் அடித்த பழைய கடிதங்களுக்கு வைன் தேவையில்லை. அந்த எழுத்துருவை லினக்ஸில் நிறுவி, லிப்ரே ஒபிஸில் திறக்கலாம்.

• விண்டோஸ் வைரஸ்களில் சில வைனிலும் ஓடக்கூடும். தெரியாத கோப்புகளைத் திறக்காதீர்கள்.

எல்லா மென்பொருளும் வைனில் ஓடும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வகுப்பில் ஒரு சகோதரியின் தையற்கணக்கு மென்பொருள் முதல் நாளே ஓடியது. இன்னொருவருடைய கடைக்கணக்கு திறக்கவே மறுத்தது. அவருக்கு லிப்ரே ஒபிஸின் விரிதாளில் கணக்கெழுதப் பழக்கினேன். இரண்டு கிழமையில் கைவந்துவிட்டது.

ஆகவே சகோதரிகளே, கணனி பழசாகிவிட்டது என்று யாரும் சொன்னவுடன் அதை விற்றுவிடாதீர்கள். உங்கள் தொழிலுக்கு எந்த மென்பொருள் முக்கியமோ, அதை முதலில் வைனில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால், புதுக்கணனிக்கு ஒதுக்கிய பணம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும்.