மனை வணிகமும் ஒரு படிப்புதான்!

மருந்துக் கடை நடத்த மருந்தியல் படித்த ஒருவர் வேண்டும். காப்பீட்டுப் பாலிசி விற்கும் முகவர் தேர்வெழுதித் தேற வேண்டும். பரஸ்பர நிதித் திட்டத்தில் மாதம் ஐந்நூறு ரூபாய் போடச் சொல்லும் விநியோகஸ்தரும் சான்றிதழ் பெற்றவராக இருத்தல் வேண்டும். ஆனால், ஒரு குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி, இருபது ஆண்டுக் கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டு வீடோ மனையோ வாங்கும்போது, அதைக் கட்டி விற்பவர் அத்துறையைப் படித்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம் இத்துறையில் ஓரளவு ஒழுங்கைக் கொண்டுவந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளுடனோ அமையும் திட்டங்களைப் பதிவு செய்ய வேண்டும். வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். அத்தகைய திட்டங்களை விற்றுத்தரும் முகவர்களும் பதிவு பெற வேண்டும் என்கிறது அச்சட்டம். எனினும், ஒரு முகவர் யார் என்பதைத்தான் பதிவு சொல்லும். அவருக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லாது. இதை உணர்ந்த மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம், 2023-இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. அடிப்படைப் பயிற்சிக்கு இது நல்ல தொடக்கம். ஆனால், இத்துறையை வழிநடத்துவோருக்கு முதுநிலைக் கல்வியே தேவைப்படுகிறது.

நிலத்தைப் படிப்பதா என்று வியக்க வேண்டியதில்லை. இது நூறாண்டு கண்ட கல்வி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் எலி, நிலப் பொருளாதார ஆய்வுக்கென 1920-இல் தனி நிறுவனம் கண்டார். சிகாகோ நகரின் நூறாண்டு நில மதிப்பை ஆராய்ந்து ஹோமர் ஹாய்ட் எழுதிய ஆய்வேடு 1933-இல் நூலாக வெளிவந்தது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1983-இல் இதற்கெனத் தனி மையம் தொடங்கியது. பிரிட்டனின் ரெடிங், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிலும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இது நிலைபெற்ற துறை.

இந்தியாவிலோ இது பெரும்பாலும் மேலாண்மை, கட்டடக்கலை, கட்டுமானவியல் படிப்புகளுக்குள் ஒரு தாளாகவே ஒடுங்கிக் கிடக்கிறது. தனிப் பட்டமாக வழங்கும் நிறுவனங்கள் மிகச் சிலவே.

இப்படிப்பில் என்ன இருக்கிறது? முதலாவது, மதிப்பீடு. ஒரு சொத்தின் மதிப்பை மூன்று வழிகளில் அறியலாம்: அருகிலுள்ள ஒத்த சொத்துகளின் விற்பனை விலையோடு ஒப்பிடுதல், நிலத்தின் விலையோடு கட்டுமானச் செலவைக் கூட்டித் தேய்மானத்தைக் கழித்தல், அது ஈட்டித்தரும் வருவாயைக் கொண்டு கணக்கிடுதல். 60 லட்சம் ரூபாய் விலையுள்ள ஓர் அடுக்ககக் குடியிருப்பு மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 1.8 லட்சம், அதாவது, விலையில் 3 சதவீதம். அதை வாங்க எடுக்கும் கடனுக்கு வட்டி எட்டரை சதவீதம் என்றால், இடையிலுள்ள வேறுபாட்டை ஈடுகட்டப்போவது விலை ஏறும் என்ற நம்பிக்கை மட்டுமே. முதலீட்டுக்காக வீடு வாங்கும் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள்? இதே நம்பிக்கையின் மீது வங்கிகளும் கடன் கொடுத்துக்கொண்டே போனால் என்ன நேரும் என்பதை 2008-இல் அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி உலகுக்கே காட்டியது.

இரண்டாவது, சட்டம். நம் நாட்டில் பதிவாவது பத்திரம்தானே தவிர, உரிமை அன்று. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்று அரசு உறுதியளித்துவிடுவதில்லை. வில்லங்கச் சான்றிதழில் பதிவான பரிவர்த்தனைகள் தெரியும். பதிவு செய்யப்படாத உயிலோ, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள பாகப்பிரிவினை வழக்கோ பொதுவாகத் தெரியாது. பொது அதிகார ஆவணத்தை மட்டும் காட்டிச் செய்யும் விற்பனை உரிமையை மாற்றித் தராது என்று 2011-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர்நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தபோதுதான், தாங்கள் வாங்கி வைத்திருப்பது என்ன என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியவந்தது.

மூன்றாவது, நிலத்தின் இயல்பும் நகரமைப்பும். 2014-இல் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். 2015 பெருவெள்ளத்தில் ஏரிகளையும் தாழ்நிலங்களையும் ஒட்டி எழுந்த குடியிருப்புகள் மூழ்கின. எங்கே கட்டலாம் என்பதைவிட எங்கே கட்டக் கூடாது என்பதை அறிவதுதான் இக்கல்வியின் முதல் பயன்.

நான்காவது, நிதி. அலுவலக வளாகங்களின் வாடகை வருவாயைச் சிறு முதலீட்டாளர்களும் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்யும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளுக்கு செபி 2014-இல் விதிகளை வகுத்தது. முதல் அறக்கட்டளை 2019-இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் நில, கட்டட மதிப்பீட்டாளராகப் பதிவு பெற, 2017-ஆம் ஆண்டின் விதிகள் கல்வித் தகுதியையும் தேர்வையும் கட்டாயமாக்கியுள்ளன. வங்கிகள், வீட்டுவசதி நிறுவனங்கள், ஒழுங்குமுறை ஆணையங்கள், உள்ளாட்சி அமைப்புகள் என இத்துறை அறிந்தோருக்கான தேவை விரிந்துகொண்டே போகிறது.

'இது அனுபவத்தில் வருவது. வகுப்பறையில் வராது' என்போர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு தெருவில் எந்த மனைக்கு வழிப்பாதைத் தகராறு என்பது உள்ளூர்த் தரகருக்குத் தெரியும், பேராசிரியருக்குத் தெரியாது. ஆனால், அனுபவசாலிக்குத் தெரிந்தது அவருடைய ஊரும் அவர் கண்ட காலமும் மட்டுமே. விலை ஏறுவதை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு அது இறங்கும்போது ஏன் இறங்குகிறது என்று புரிவதில்லை. அனுபவத்தைத் தொகுத்து, சோதித்து, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கத்தக்கதாக மாற்றுவதே கல்வி.

அதேவேளையில், வெளிநாட்டுப் பாடநூலை அப்படியே இறக்குமதி செய்வதாலும் பயனில்லை. பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், நத்தம், புறம்போக்கு, வழிகாட்டி மதிப்பு ஆகியவற்றை அறியாத பட்டதாரி தமிழ்நாட்டில் ஒரு சென்ட் நிலத்தைக்கூட மதிப்பிட முடியாது. இங்கு அமையும் முதுநிலைப் படிப்பில் மாணவர்கள் ஒரு பருவமாவது சார்பதிவாளர் அலுவலகத்திலும், வட்டாட்சியர் அலுவலகத்திலும், கட்டுமானக் களத்திலும் பயில வேண்டும். விற்பனை உத்திகளை மட்டும் கற்றுத்தரும் படிப்பு, படித்த தரகர்களை உருவாக்குமேயன்றி வல்லுநர்களை உருவாக்காது. சேர விரும்பும் மாணவர்களும் கட்டணத்தைப் பார்க்கும் முன் பாடத்திட்டத்தில் சட்டமும் மதிப்பீடும் களப்பயிற்சியும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

சட்டம், நகரமைப்பு, பொருளியல், பொறியியல் ஆகிய துறைகள் நம் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே உள்ளன. அவற்றை ஒரே பாடத்திட்டத்தில் இணைக்கும் முயற்சிதான் தேவை. வீடு வாங்கும் ஒவ்வொருவரும் சட்டமும் நிதியும் கற்றுத் தேற முடியாது. அவர்களுக்கு விற்பவரும், கடன் தருபவரும், அனுமதி அளிப்பவரும் கற்றவர்களாக இருக்க முடியும், இருந்தாக வேண்டும்.