பைப்பை வெல்ட் பண்ண முன்னர்: விளிம்பைச் சரிவாக்கும் கணக்கு

கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியபின் பல குடும்பங்கள் செய்யும் அடுத்த வேலை, தண்ணீர்த் தாங்கி வைப்பதற்கு ஓர் இரும்பு நிலை அமைப்பதாகும். புது பைப் முழு நீளத்தில் வாங்கக் காசு போதாது. பழைய வேலியிலோ கொட்டிலிலோ இருந்த துண்டுகளை ஒட்டி நீளமாக்கிக் கால்கள் செய்வோம் என்று யோசிப்பீர்கள். அதில் பிழையில்லை. ஆனால் 1000 லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1000 கிலோ. அந்தப் பாரம் முழுவதும் நீங்கள் ஒட்டிய இடங்களில் இறங்கும். அதற்குக் கீழேதான் பிள்ளைகள் கைகால் கழுவப் போகிறார்கள்.

கணக்குக்குப் போக முன்னர் ஒரு விடயம். பற்றைக்குள்ளோ, பதுங்கு குழியிலோ, பாவனையில்லாத கிணற்றிலோ கிடக்கும் இரும்புக் குழாயை எடுக்க வேண்டாம். பார்வைக்கு வெறும் பைப் போலிருக்கும் வெடிபொருள்கள் உண்டு. உங்களுக்குத் தெரியாத துண்டு எதையும் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக் கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். இரு முனையும் அடைபட்ட குழாய், பழைய எண்ணெய்ப் பரல் போன்றவற்றையும் வெட்டவோ சூடாக்கவோ கூடாது. உள்ளே அடைபட்ட ஆவி வெடிக்கும்.

ஏன் சரிவாக்க வேண்டும்?

இரண்டு பைப் துண்டுகளை நேராக வெட்டி, முனையோடு முனை முட்டவைத்து வெல்ட் பண்ணினால், உருகிய இரும்பு வெளிப்பக்கத்தில் மட்டும் படியும். உட்பக்கம் ஒட்டாமலே இருக்கும். வெளியே பார்த்தால் தடித்த, அழகான ஒட்டு. உள்ளே ஒரு வெடிப்பு. பாரம் ஏறும்போது அந்த வெடிப்பிலிருந்துதான் முறிவு தொடங்கும். விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு V வடிவப் பள்ளம் வரும். வெல்டிங் றொட் அதன் அடி வரை போய் முழுத் தடிப்பையும் உருக்கி ஒட்டும்.

சுவர்த் தடிப்பு 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த மெல்லிய பைப்புக்குச் சரிவு தேவையில்லை. நேராக வெட்டி, நடுவில் சிறிய இடைவெளி விட்டால் போதும். அதற்கு மேல் தடிப்பென்றால் சரிவு வேண்டும்.

எந்தப் பாகை?

பைப் வேலையில் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு 30 முதல் 37.5 பாகை வரை சரிவு விடுவார்கள். குழப்பம் வருவது பாகையை எங்கிருந்து அளக்கிறோம் என்பதில். நேராக வெட்டிய முனையிலிருந்து அளந்தால் 30. பைப்பின் நீளப் பக்கத்திலிருந்து அளந்தால் அதே சரிவு 60. இரண்டு துண்டையும் சேர்த்தால் பள்ளத்தின் முழுக் கோணமும் 60. இந்த 60 வேறு, அந்த 60 வேறு. 30இல் மட்டும் இரண்டும் ஒன்றாக வந்துவிடுகின்றன. சரிவு 35 என்றால் நீளப் பக்கத்திலிருந்து 55, முழுக் கோணம் 70.

வெல்டிங் செய்பவர் "அறுபது" என்று சொன்னால், எந்த அறுபது என்று கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் முனையிலிருந்து 60 பாகைக்குத் தேய்த்துவிட்டால் பள்ளம் 120 பாகைக்கு விரிந்துவிடும். அதை நிரப்ப மூன்று மடங்கு இரும்பு வேண்டும். றொட்டுக்கும் மின்பிறப்பாக்கியின் எண்ணெய்க்கும் காசு உங்களுடையது. அத்துடன் கூடிய சூட்டில் பைப் கோணிப்போகும். மறுபக்கம், 15 பாகை மாதிரி ஒடுக்கமாக விட்டால் றொட் அடிக்குப் போகாது, சரிவாக்கியும் பயனில்லை.

எவ்வளவு தூரம் தேய்ப்பது?

விளிம்பைக் கத்தி முனைபோல் கூராக்கக் கூடாது. கூர் முனை சூட்டில் உருகி உள்ளே விழுந்து ஓட்டையாகும். அடியில் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர் தட்டையாக விடுங்கள். சுவர்த் தடிப்பிலிருந்து இந்த 1.5ஐக் கழியுங்கள். மிச்சத்தை 30 பாகைக்கு 0.58 ஆலும், 35 பாகைக்கு 0.7 ஆலும், 37.5 பாகைக்கு 0.77 ஆலும் பெருக்குங்கள். வருவதுதான் பைப்பின் வெளிப்பக்கத்தில் முனையிலிருந்து உள்ளே கோடு போடவேண்டிய தூரம். இது பாடசாலையில் படிக்கும் திரிகோண கணிதம்தான். சாதாரணதர வகுப்பில் பிள்ளை இருந்தால் அவரிடமே கணக்கைக் கொடுங்கள்.

நடுத்தர ரக 2 அங்குல ஜீ.ஐ. பைப்பை எடுப்போம். சுவர்த் தடிப்பு 3.6 மில்லிமீற்றர். 1.5ஐக் கழித்தால் 2.1. அதை 0.7 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.5. அவ்வளவுதான், அடிமட்டத்தில் ஒன்றரைக் கோடு. தடித்த ரகம் 4.5 மில்லிமீற்றர் என்றால் 3ஐ 0.7 ஆல் பெருக்க 2.1 வரும். பழைய பைப் கறள் தின்று மெலிந்திருக்கும். ஆகவே கடைக்காரர் சொல்லும் அளவை நம்பாமல், வெட்டிய முனையில் நாலு இடத்தில் நீங்களே அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மிகவும் மெலிந்திருந்தால் அந்தத் துண்டைக் காலுக்குப் பாவிக்க வேண்டாம், வேலிக்கு உதவும்.

கோடு போட, நேர் விளிம்புள்ள தடித்த தாளைப் பைப்பைச் சுற்றிச் சுற்றுங்கள். தாளின் விளிம்பு தன்மேலேயே சரியாகப் படிந்தால் கோடு நேராக வரும். பிறகு கோட்டுக்கும் தட்டை விளிம்புக்கும் நடுவில் உள்ளதைத் தேய்த்து எடுக்கவேண்டியதுதான். கிறைண்டரில் தடித்த தேய்க்கும் தட்டையே பூட்டுங்கள். மெல்லிய வெட்டும் தட்டின் பக்கத்தால் தேய்த்தால் அது உடைந்து முகத்துக்குப் பறக்கும். கண்ணாடி இல்லாமல் தொடங்க வேண்டாம். மின்சாரம் இன்னும் வரவில்லையென்றால் இரும்பு வாளும் அரமும் போதும். ஒன்றரை மில்லிமீற்றரை அரத்தால் எடுப்பது பெரிய வேலையல்ல.

சரிபார்க்கப் பிள்ளையின் கொம்பாஸ் பெட்டியில் உள்ள பாகைமானியே போதும். ஒரு கடதாசி மட்டையில் 90உம் உங்கள் சரிவுப் பாகையும் சேர்ந்த கோணத்தை வரைந்து (35 என்றால் 125) அந்த அளவுக்கு மட்டையை வெட்டி எடுங்கள். வெட்டிய மூலையைப் பைப்பின் வெளிப்பக்கத்திலும் சரிவிலும் பொருத்திச் சுற்றிவரப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் இன்னும் தேய்க்கவேண்டும் அல்லது கூடத் தேய்த்துவிட்டீர்கள்.

பொருத்தும்போது

2.5 மில்லிமீற்றர் றொட் ஒன்றின் பூச்சை உதிர்த்து, கம்பியை வளைத்து இரு முனைகளுக்கும் நடுவில் வையுங்கள். இடைவெளி எல்லா இடமும் ஒரே அளவாக இருக்கும். நாலு இடத்தில் சிறிதாகப் பற்றவைத்தபின் கம்பியை எடுத்துவிடலாம். வளைவாக ஒட்டுவதானால் திரும்பும் பாகையில் பாதியை ஒவ்வொரு துண்டிலும் வெட்டவேண்டும், செங்கோணத்துக்கு 45. ஆனால் தண்ணீர்க் குழாய்க்கு இந்தச் சிரமம் எதற்கு? புரி வெட்டிய எல்போவும் சொக்கட்டும் கடையில் உண்டு.

ஜீ.ஐ. பைப்பின் நாகப்பூச்சு சூட்டில் வெள்ளைப் புகையாகும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தின் பின் குளிரும் காய்ச்சலும் வரும். மலேரியா என்று நினைத்துவிடுவார்கள். பால் குடிப்பது அதற்கு மருந்தல்ல. ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் ஒரு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று வேலை செய்யச் சொல்லுங்கள். பூச்சுப் போன இடத்தில் பின்னர் கறள்தடுப்பு மை பூசவேண்டும்.

காலில் ஒட்டு வருமிடத்தை நடுவில் வைக்காமல், குறுக்குச் சட்டம் சேரும் இடத்துக்குக் கிட்ட வையுங்கள். நிலை நிமிர்ந்ததும் முதல் நாள் தாங்கியைக் கால்வாசி மட்டும் நிரப்பி, ஒவ்வொரு ஒட்டையும் சுற்றிப் பாருங்கள். அடுத்த நாள் பாதி. மயிர்க்கோடு போல் வெடிப்பு ஏதும் தெரிந்தால் தண்ணீரை இறக்கி, அந்த ஒட்டைத் தேய்த்து எடுத்துத் திரும்பச் செய்விக்கவேண்டும். மேலால் இன்னொரு படை போட்டு மூட விடாதீர்கள். முழுதாக நிரப்பி ஒரு இரவு நிற்கும்வரை பிள்ளைகளைக் கீழே விடவேண்டாம்.