எலிவேஷனுக்குப் பின்னால் இருப்பவர்கள்

சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடைக் கட்டடம் 2017 மே 31 அன்று தீப்பிடித்தபோது, புகை வெளியேற வழியில்லாமல் தீயணைப்பு வீரர்கள் திணறினார்கள். தீ ஒரு நாளைத் தாண்டியும் எரிந்தது. கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. அடைத்த முகப்பின் ஆபத்தை அன்று ஊரே பார்த்தது. ஆனால் தீப்பிடிக்காத நாட்களிலும் அத்தகைய முகப்புகளுக்குப் பின்னால் மனிதர்கள் எட்டு மணி நேரம் மூச்சுவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் உள்ள பழைய அலுவலகக் கட்டடங்களில் சன்ஷேட் உண்டு, மாடிப்படியில் ஜாலி (துளைகள் விட்ட தடுப்புச் சுவர்) உண்டு, திறக்கிற ஜன்னல் உண்டு. 'எலிவேஷன் மாற்றுகிறோம்' என்று இவற்றை ஏ.சி.பி. என்னும் அலுமினியக் கலவை ஷீட்டாலும் திறக்க முடியாத கண்ணாடியாலும் மூடிவிடுகிறார்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. உச்சி வெயிலைச் சன்ஷேட் தடுத்துவிடும். மாலை நான்கு மணிக்குச் சாய்வாக வரும் மேற்கு வெயிலுக்குச் செங்குத்துத் தடுப்போ ஜாலியோ வேண்டும். வெறும் கண்ணாடி அந்த வெயிலை உள்ளே விடுகிறது. உடனே திரையை இறக்கி, பட்டப்பகலில் விளக்கைப் போட்டு, ஏசியைக் கூட்டுகிறோம். ஜன்னலோரத்தில் இருப்பவர் வேர்க்க, ஏசிக்குக் கீழே இருப்பவர் சால்வை போர்த்துகிறார். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மாசு குறைந்த, காற்றோட்டமான சூழலில் வேலை செய்தவர்களின் சிந்தனைத் திறன் மதிப்பெண் வழக்கமான அலுவலகச் சூழலைவிட 101% கூடியிருந்தது. அதில் பங்கேற்றவர்கள் 24 பேர்தான். ஆனாலும் புறக்கணிக்கக்கூடிய வித்தியாசமல்ல அது.

சாலைப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் தூசி, ஹாரன், கொசு என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் எல்லாப் பக்கமும் சாலை இல்லையே. பிற்பகல் கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தில் வலையடித்த ஜன்னல் வைக்கலாம். சாலைப் பக்கத்தை மூடினாலும் வடிகட்டிய வெளிக்காற்றை மேல்தளத்திலிருந்து உள்ளே கொண்டுவரலாம். கண்ணாடியே கூடாது என்பதில்லை. மத்திய அரசின் 2017 எரிசக்தி சேமிப்புக் கட்டட விதியே பொதுவாக ஜன்னல் பரப்பைச் சுவரில் 40 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொன்னது. செலவு விஷயத்தில்தான் உண்மையான சிக்கல்: முகப்புக்குப் பணம் போடுபவர் கட்டட உரிமையாளர், கரண்ட் பில் கட்டுபவரோ வாடகைதாரர். மிச்சமாகும் பணம் தனக்கு வராதபோது உரிமையாளர் ஏன் ஜாலி வைப்பார்? இந்தச் சிக்கல் இல்லாத இடம் தமிழக அரசின் சொந்த அலுவலகங்கள். அங்கே இரண்டும் ஒரே கஜானாவின் செலவு. வேலை செய்பவரின் வசதியைக் கவனிப்பதும் அதற்குப் புதிதல்ல: கடைத் தொழிலாளர் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழகத்தில் சட்டம் திருத்தப்பட்டது. பொதுப்பணித்துறை ஒரு பழைய கட்டடத்தின் மேற்குச் சுவருக்கு மட்டும் வெளித்தடுப்பு போட்டு, ஒரு கோடை முழுக்க உள்ளே இருக்கும் வெப்பத்தையும் கரண்ட் பில்லையும் குறித்துவைத்து, அந்தக் கணக்கை எல்லோரும் பார்க்க வெளியிடட்டும்.